நேபாளத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுடன் தன்னார்வப் பணி: பிசியோதெரபி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களிடமிருந்து வருஷா வருஷம் ஒரே கேள்விகள் வருகின்றன. வெளிநாட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுடன் ஒரு மாதம் வேலை செய்ய ஆசை; எங்கே போவது, யாரைக் கேட்பது, வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது? தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன். நான் குழந்தைகள் பிசியோவில் இருக்கிறேன். நேபாளத்துக்குப் போய்வந்திருக்கிறேன், ஜூனியர்களை அனுப்பியும் வைத்திருக்கிறேன். ஆகவே பதில்கள் நேபாளத்தைப் பற்றியவை. கம்போடியாவுக்கோ கென்யாவுக்கோ கிளம்புகிறவர்களுக்குப் பாதி பொருந்தும். விசா விஷயம் பொருந்தவே பொருந்தாது.

ஏன் நேபாளம்? இன்னும் தூரமாகப் போகலாமே?

காசு இருந்தால் போகலாம். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், தங்கும் செலவு கட்டுப்படியாகும், சாப்பாடு சோறும் பருப்பும். ஆனால் நான் நேபாளத்தைச் சொல்வதற்குக் காரணம் அங்கே பார்க்கக் கிடைக்கும் கேஸ்கள்.

நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் போஸ்டிங் பார்க்கும் மாணவர் கிளப்ஃபுட்டை, அதாவது பிறவியிலேயே உள்பக்கம் திரும்பிய பாதத்தை, பெரும்பாலும் பச்சைக் குழந்தையிடம்தான் பார்ப்பார். நேபாளத்து மலை மாவட்டங்களிலிருந்து அதே பாதத்தோடு ஐந்து வயதுப் பிள்ளைகளும் எட்டு வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். பாதத்தின் வெளி ஓரத்தையும் புறங்காலையும் தரையில் ஊன்றியே நடந்து பழகியவர்கள். அந்த இடத்தில் தோல் காய்த்துக் குதிகால் போலத் தடித்திருக்கும். திறந்த அடுப்பில் விழுந்து விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போன குழந்தைகள், எலும்புத் தொற்றை மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்து வந்தவர்கள், ஒரு தடவைகூட பிசியோவைப் பார்க்காத சி.பி. (செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் இயக்கக் குறைபாடு) குழந்தைகள் என்று ஒரே வார்டில் எல்லாரும் இருப்பார்கள். பாடத்தில் ‘கவனிக்காமல் விட்டால்’ என்று ஆரம்பிக்கும் பத்தியை அங்கே நேரில் பார்க்கலாம்.

என்னென்ன ஆவணம் வேண்டும்?

விமானத்தில் போகும் இந்தியருக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை. கல்லூரி வயதுக்காரர்களுக்கு ஆதார் செல்லாது. ஏர்போர்ட் கவுன்ட்டரில் போய் நின்றபிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயிலில் என்றால் கோரக்பூர் வரை போய், அங்கிருந்து சோனவுலி எல்லைக்கு பஸ், எல்லை தாண்டி இன்னொரு பஸ். சென்னையிலிருந்து கோரக்பூருக்கே சுமார் இரண்டு நாள் ஆகிவிடும். விடுமுறை நீளமாக இருந்தால் மட்டும் இந்த வழி.

இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் ஆண்டில் முதல் 30 நாள் விசா இலவசம். ஆனால் அது சுற்றுலா விசா. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது என்பதே நேபாளக் குடிவரவுத் துறையின் விதி. மலேசியா, சிங்கப்பூர், கனடா தமிழ் மாணவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எந்த விசா எடுக்க வேண்டும் என்பதை உங்களைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “எல்லாரும் டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள்” என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எந்த இடங்களைக் கேட்கலாம்?

குழந்தைகள் எலும்பு மருத்துவமும் மறுவாழ்வும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் வேண்டுமென்றால் ஹெச்.ஆர்.டி.சி. என்று எல்லாரும் சொல்லும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவமனை மற்றும் மறுவாழ்வு மையம். எலும்பு அறுவை மருத்துவர் அசோக் பான்ஸ்கோட்டா 1985-ல் தொடங்கிய பணி இது. இப்போது காத்மாண்டுவிலிருந்து கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில், பனேபா பக்கத்தில் மலைச்சரிவில் இருக்கிறது. அறுவை, மாவுக்கட்டு, பிசியோ, காலைத் தாங்கும் காலிப்பரும் செயற்கைக் காலும் செய்யும் பட்டறை எல்லாம் அங்கேயே.

சி.பி.யில் ஆர்வம் என்றால் லலித்பூரில் தாபாகேல் பகுதியிலுள்ள சி.பி. நேபாள். 1987-லிருந்து இயங்குகிறது. ஆஸ்பத்திரி வாடை இல்லாத இடம். பகல்நேர மையம், சிகிச்சை, பெற்றோருக்குப் பயிற்சி என்று போகும்.

துலிகேல் மருத்துவமனையோடு சேர்ந்த காத்மாண்டு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பி.பி.டி. படிப்பே இருக்கிறது. அங்கே உங்கள் வயது மாணவர்களோடு சேர்ந்து நிற்கலாம். என்னைக் கேட்டால் முதல்முறை போகிறவருக்கு இந்த மாதிரி இடம்தான் நல்லது. ஏற்கெனவே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஆட்கள் இருப்பார்கள்.

வெளி மாணவர்களைச் சேர்ப்பது, கட்டணம், எத்தனை வாரம் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நேராக அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.

பணம் கட்டினால் எல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சிகள் எப்படி?

தங்குமிடம், ஏர்போர்ட்டிலிருந்து வண்டி, வார இறுதியில் பொக்காரா சுற்றுலா, கடைசியில் சான்றிதழ் என்று பேக்கேஜாக விற்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த மையத்துக்குப் போகிறது? எனக்கு மேற்பார்வை பார்க்கப்போகும் பிசியோதெரபிஸ்டின் பெயர் என்ன? இரண்டாவது கேள்விக்குப் பெயர் வராவிட்டால் அங்கே பிசியோவே இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இப்படிப் பணம் கட்டிப் போய், ஒரு மாதமும் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். மையத்தில் இருந்தவர்கள் நல்ல மனுஷர்கள்தான், ஆனால் அவரை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தைகள் இல்லத்தில், அதாவது அனாதை இல்லத்தில், சேவை செய்யலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். இல்லங்களும் வறுமை அதிகமான தூர மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு, லலித்பூர், பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டுக்காரர் வந்துபோகும் இடங்களில்தான் மொய்த்துக் கிடக்கின்றன. “படிக்க வைக்கிறோம்” என்று சொல்லி மலையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, அவர்களைக் காட்டிக் காசு பார்க்கும் வியாபாரம் அங்கே வெளியே வந்து நாறியிருக்கிறது. 2015 ஏப்ரல் பூகம்பத்துக்குப் பிறகு, முறையான அனுமதி இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அரசு தடை போட வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானத்திலும் அனாதை இல்லத் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் கேடு பேசப்பட்டது.

மாற்றுத்திறன் குழந்தையை இப்படிக் கொண்டுபோய் விடுவது இன்னும் சுலபம், ஏனென்றால் வீட்டில் பார்த்துக்கொள்ளச் சிரமம். நம்மைப் போன்றவர்கள் அங்கே போய் இலவசமாக பிசியோ கொடுத்தால் அந்த இல்லத்துக்கு ஒரு மதிப்பு ஏறும். அம்மாவோ பாட்டியோ குழந்தையோடு வந்து, குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாணவராகிய எனக்கு அங்கே என்ன செய்ய அனுமதி?

உங்கள் கல்லூரி ஓ.பி.யில் மேற்பார்வை இல்லாமல் எதைச் செய்ய விடமாட்டார்களோ, அதை அங்கேயும் செய்யக் கூடாது. நேபாளத்தில் பிசியோதெரபிஸ்டைப் பதிவு செய்யும் கவுன்சில் இருக்கிறது. நீங்கள் அதில் பதிவு செய்தவர் இல்லை. “இங்கே ஆள் இல்லை, நீங்களே பாருங்கள்” என்று யாராவது சொன்னால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் வலிப்பு வரும் குழந்தையை, அல்லது நடக்காமலே வளர்ந்து எலும்பு மெலிந்துபோன குழந்தையை, தனியாகக் கையாளும் அனுபவம் நமக்குக் கிடையாது. அந்த மெலிந்த எலும்பு சாதாரண ஸ்ட்ரெச்சிலேயே முறியலாம்.

முதல் வாரம் முழுக்கப் பார்ப்பதுதான் வேலை. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளப்ஃபுட் பிரிவில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் முதல் வேலை வாளியும் வெந்நீரும். போன வாரம் போட்ட மாவுக்கட்டை ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய முறைதான் அங்கேயும். வாரம் ஒரு கட்டு. பச்சைக் குழந்தை என்றால் ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும், பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் நரம்பில் (நாம் அகில்லஸ் என்று படிக்கும் தசைநாணில்) சின்னதாக ஒரு வெட்டு. பெரிய பிள்ளைகளுக்குக் கூடுதல் கட்டுகள் ஆகும்.

கட்டு பிரித்ததும் குழந்தையின் கால் வெளுத்து, சுருங்கி, தோல் உரிந்து வரும். அம்மா பயந்துவிடுவார். துடைத்து, குளிப்பாட்டி, பால் குடிக்கவிட்டு, குழந்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டைப் போட ஆரம்பிப்பார்கள். அழுகிற குழந்தை காலை உதைக்கும், கட்டு சரியாக உட்காராது. ஒருவர் பாதத்தைப் பிடிப்பார், கட்டைவிரல் கணுக்காலின் தாலஸ் எலும்புத் தலையில் இருக்கும். இன்னொருவர் மாவுத்துணியைச் சுற்றுவார். உங்கள் பங்கு முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொள்வது, கட்டு காய்ந்தபிறகு கால் விரல்களை அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது, பாதம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று காட்டும் பிரானி மதிப்பெண்ணைக் குறிப்பது. கேட்கச் சின்ன வேலைகளாகத் தெரியும். ஆனால் ஒரே பாதத்தை நான்கு வாரம் தொடர்ந்து பார்த்து மதிப்பெண் போடும் வாய்ப்பு நம் போஸ்டிங்கில் சுலபத்தில் கிடைக்காது.

உண்மையான போராட்டம் கட்டு முடிந்தபிறகுதான். இரண்டு ஷூவையும் ஒரு கம்பி இணைக்கும் பிரேஸை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதெல்லாம் போட வேண்டும். பாதம் பார்க்க நேராகிவிட்டது, குழந்தை ராத்திரி அழுகிறது, மாமியார் “எதற்கு இந்த இரும்பு?” என்கிறார். கழற்றிவிடுகிறார்கள். பாதம் மறுபடி திரும்புகிறது. அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஷூவைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் காட்டுவதற்கு ஸ்டாஃபுக்கு எப்போதும் நேரம் பத்தாது. உங்களுக்கு நேரம் இருக்கும். மாணவரால் அங்கே ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான் என்பேன்.

சி.பி. குழந்தைகளுக்கு ஸ்ட்ரெச்சிங்தானே கொடுக்கப் போகிறோம்?

இந்தக் கேள்வி எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் எல்லாரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-லும் 2020-லும் சி.பி. சிகிச்சைகளின் ஆதாரங்களை எல்லாம் தொகுத்து, சிக்னல் விளக்குப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவைத்தது. கையால் காலை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை மட்டும் தனியாகக் கொடுப்பதால் பெரிய பலன் இல்லை என்பதே அதன் முடிவு. பச்சையில் இருப்பவை வேறு: குழந்தைக்கும் வீட்டுக்கும் வேண்டிய ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்து அதையே திரும்பத் திரும்பப் பழக்குவது, வீட்டுப் பயிற்சித் திட்டம், இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பது.

ஆக, போனதும் காலைப் பிடிக்காதீர்கள். முதலில் ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலை, அதாவது குழந்தை தானாக எவ்வளவு நகர முடிகிறது என்பதன் நிலை, என்ன என்று பாருங்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 1997-ல் வந்த அந்த ஐந்து நிலைப் பகுப்பை எப்படியும் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். முதல், இரண்டாம் நிலைக் குழந்தை நடக்கும். பள்ளிக்கூடத்துப் படி ஏறுவதும் பந்து உதைப்பதும் அவனுக்கு இலக்கு. ஐந்தாம் நிலைக் குழந்தைக்கு எப்படி உட்கார வைப்பது, எந்த நிலையில் சாப்பாடு ஊட்டினால் புரையேறாது, ராத்திரி எப்படிப் படுக்க வைப்பது என்பவைதான் சிகிச்சை. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டிக்கொண்டிருந்த அம்மா, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஊட்டப் பழகினால், அது நாம் ஒரு மாதம் கொடுக்கும் பயிற்சியைவிடப் பல மடங்கு.

அப்புறம், “நடந்துவிடுவானா?” என்று கேட்பார்கள். நம் ஊரிலும் கேட்பதுதான். அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. பதில் சொல்ல வேண்டியவரிடம் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் உங்கள் வேலை.

வீட்டுப் பயிற்சி எழுதிக்கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் வீடு எங்கே என்று கேளுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேர ஏற்றம் என்பார்கள். பாதை கல்லும் படியுமாக இருக்கும். அங்கே வீல்சேர் தானமாகக் கிடைத்தால் கோழி அடைக்கத்தான் பயன்படும். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதே டோக்கோ என்கிற மூங்கில் கூடையில் வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமந்துதான். அந்தக் கூடையில் குழந்தை எப்படி உட்காருகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கால் கத்தரியாகக் கோத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். கம்பளித் துணியைச் சுருட்டிக் கால்களுக்கு நடுவே வைக்கச் சொன்னால் அதுவும் சிகிச்சைதான்.

தெற்கே தராய் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே சைக்கிள் ஓடும், வீல்சேரும் ஓடும்.

அடுத்து, யார் செய்யப் போகிறார்கள்? நிறைய வீடுகளில் அப்பா கத்தாரிலோ மலேசியாவிலோ இந்தியாவிலோ இருப்பார். ஒரு அம்மா, ஒரு பாட்டி, மாடு, வயல். பத்துப் பயிற்சி எழுதிக்கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அவர்கள் ஏற்கெனவே செய்யும் வேலைக்குள் ஒன்றிரண்டைச் செருகுங்கள்: மடியில் வைக்கும்போது இப்படி வை, குளிப்பாட்டும்போது இப்படிப் பிடி. நீங்கள் காட்டியதை அந்தப் பாட்டியைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் கையால் சரியாக வந்தால்தான் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாகக் கணக்கு.

எனக்கு இந்தி தெரியாது. நேபாளியும் தெரியாது. சமாளிக்க முடியுமா?

ஸ்டாஃபோடு ஆங்கிலம் போதும். இந்தி தெரிந்தால் காத்மாண்டுக் கடைத்தெருவில் உதவும். ஆனால் மலைக் கிராமத்துப் பாட்டி தமாங் மட்டுமே பேசலாம், தராய்க்காரர் மைதிலி பேசலாம். அதனால் இந்தி தெரிந்தவருக்கும் பெரிய அனுகூலம் கிடையாது. பத்து இருபது நேபாளி வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: உட்கார், நில், மெதுவாக, மறுபடி, வலிக்கிறதா. அம்மாவை ‘தீதி’, அதாவது அக்கா என்று கூப்பிடுங்கள். வயதானவர் என்றால் ‘ஆமா’, அம்மா.

இன்னொன்று. நம் ஊரில் நேபாளி என்றால் விசிலும் தடியும் வைத்திருக்கும் கூர்க்கா என்று ஒரு கிண்டல் உண்டு. அதை எல்லைக்கு இந்தப் பக்கமே விட்டுவிட்டுப் போங்கள். வார்டில் இருக்கும் ஒரு குழந்தையின் அப்பா உங்கள் தெருவிலேயே இரவுக் காவலுக்கு நிற்பவராக இருக்கலாம். 2015 கடைசியில் எல்லையில் லாரிகள் நின்று, காஸும் மருந்தும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்ததையும் அங்கே யாரும் மறக்கவில்லை. அரசியல் பேச்சு வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், போதும்.

கேஸ் ஷீட்டில் குழந்தை பிறந்த ஆண்டு 2078 என்று இருக்கிறதே?

விக்ரம் சம்வத் ஆண்டு. வைசாக் முதல் பூஸ் பாதி வரை 57-ஐக் கழியுங்கள், அதன்பின் சைத் முடியும்வரை 56. 2078 அசோஜ் என்றால் 2021 செப்டம்பர்–அக்டோபர். நமக்கு இதில் ஒரு வசதி, ஒரு வம்பு. வசதி, அவர்கள் மாதமும் சூரிய மாதம். புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றை ஒட்டியே வரும். வம்பு, பெயர்கள் ஒரு மாதம் தள்ளி நிற்கும். அவர்கள் வைசாக் நமக்குச் சித்திரை, அவர்கள் கார்த்திக் நமக்கு ஐப்பசி. நம் மாதத்தை நினைத்துக்கொண்டு வயதைப் போட்டால் ஒரு மாதம் தவறும். பச்சைக் குழந்தையின் வளர்ச்சிப் படிகளைப் பார்க்கும்போது ஒரு மாதம் பெரிய விஷயம். தேவநாகரி எண்கள் பத்தையும் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை அங்கே நான்கு நிறத்தில் இருக்கும். சிவப்பு மிகக் கடுமை, நீலம் கடுமை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை லேசானது. அரசு உதவித்தொகை சிவப்புக்கும் நீலத்துக்கும்தான். அதனால் உங்கள் மதிப்பீட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முன் யோசியுங்கள், அதை மேற்பார்வையாளரிடம் காட்டாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளோடு போட்டோ எடுத்துப் போடலாமா?

உங்கள் தங்கையை ஜட்டியோடு தெரபி மேட்டில் யாரோ படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் சும்மா இருப்பீர்களா? அதே பதில்தான். சிகிச்சைக்காகப் படம் தேவைப்பட்டால் மையத்தின் கேமரா, மையத்தின் படிவம், பெற்றோரின் கையெழுத்து. கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு தனியாக இருக்கவும் கூடாது. எப்போதும் வீட்டார் ஒருவர் அல்லது ஸ்டாஃப் ஒருவர் கூட இருக்கட்டும்.

பொம்மை, துணிமணி, கருவிகள் கொண்டு போகலாமா?

கேட்டுவிட்டு. பழைய காலிப்பரும் வாக்கரும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். அளவு சேராது, உதிரிபாகம் கிடைக்காது, ஸ்டோர் ரூமில் கிடக்கும். அங்கேயே பட்டறை இருக்கும் இடத்துக்கு நம் கருவி எதற்கு? கோனியோமீட்டர் (மூட்டுக் கோணம் அளக்கும் கருவி), அளவுநாடா, ஒரு நோட்டு, சோப்புத் தண்ணீர்க் குமிழி ஊதும் டப்பா போதும். அந்தக் குமிழியைப் பிடிக்கக் கை தூக்கும் குழந்தை, எந்தப் பயிற்சிக்கும் அவ்வளவு தூக்காது. ஒரு பையனுக்கு மிட்டாய் கொடுத்தால் வார்டு முழுக்கக் கை நீளும், அதையும் நினைவில் வையுங்கள்.

செலவு, பணம், உடம்பு?

இந்திய நூறு ரூபாய்க்கு நேபாள நூற்று அறுபது; இந்த விகிதம் 1993 முதல் மாறவில்லை. கடைக்காரர் விலை சொன்னால் “ஐ.சி.யா, என்.சி.யா” என்று கேளுங்கள், அதாவது இந்தியக் காசா, நேபாளக் காசா. பெரிய இந்திய நோட்டுகளுக்கான விதி அடிக்கடி மாறும். கிளம்பும் வாரத்தில் பாருங்கள்.

ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ், டைஃபாய்டு ஊசிகள் போட்டிருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள். காத்மாண்டு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர்தான். உயரத்தால் தலைசுற்றல் வராது. குளிர் வரும். டிசம்பர், ஜனவரி காலையில் வெந்நீரில் கை நனைத்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையைத் தொடுங்கள். ஐஸ் போன்ற கையை வைத்தால் சி.பி. உள்ள குழந்தையின் கால் விறைத்துக்கொள்ளும், அப்புறம் அன்றைக்கு ஒன்றும் நடக்காது.

வீட்டில் பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்குகிறார்கள்.

தயங்குவது நியாயம். இருவர் மூவராகப் போங்கள். மையத்தின் விடுதியிலோ ஸ்டாஃப் யாராவது அறிந்த வீட்டிலோ தங்குங்கள்; மேற்பார்வையாளரின் போன் எண்ணை அப்பா அம்மாவிடம் கொடுத்து, கிளம்பும் முன் ஒரு தடவை அவர்களையே பேச வையுங்கள். அந்த ஒரு போன் காலில் பாதிப் பயம் போய்விடும்.

இன்டர்ன்ஷிப்பில் கணக்காகுமா?

உங்கள் பல்கலைக்கழகம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஆகும். போய்வந்தபிறகு சான்றிதழைக் காட்டிக் கேட்டால் ஆகாது. அனுமதி கிடைக்காவிட்டால் விடுமுறையில் போங்கள்.

இதையெல்லாம் தமிழ்நாட்டிலேயே கற்றுக்கொள்ள முடியாதா?

முடியும். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981-ல் தன் கிராமத்தில் தொடங்கியது. கிராமம் கிராமமாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைக் கண்டுபிடித்து வீட்டிலேயே சிகிச்சை கொடுப்பதில் அவர்களுக்கு நீண்ட அனுபவம். சென்னையில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வித்யாசாகர் 1985-லிருந்து இருக்கிறது. கனடாக்காரர்கள் விமானம் ஏறி ஆய்க்குடிக்கு வருகிறார்கள். நம்மில் பலர் குற்றாலம் வரை போய் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

நான் சொல்வது, முதலில் இங்கே சில வாரம் இருந்து பாருங்கள். மொழி தெரிந்த அம்மாவிடமே வீட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க எவ்வளவு திணறுகிறோம் என்று தெரிந்தபிறகு, மொழி தெரியாத ஊருக்குப் போகலாம். நேபாள மையங்களுக்கு எழுதும் கடிதத்திலும் இந்த அனுபவம் எடுபடும்.

எப்போது போவது? எப்படி எழுதுவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நிலச்சரிவில் ரோடு அடைபடும், தூர மாவட்டத்துக் குடும்பங்கள் வர முடியாது. செப்டம்பர்–அக்டோபரில் தசைன் பண்டிகை. ஊரே சொந்த கிராமத்துக்குக் கிளம்பிவிடும், ஓ.பி. காலியாகிவிடும். நவம்பரும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் நல்ல காலம். வாரச் சம்பிரதாயமும் வேறு: விடுமுறை சனிக்கிழமை.

நான்கைந்து மாதம் முன்னால் எழுதுங்கள். என்ன படிக்கிறீர்கள், குழந்தைகள் பிரிவில் எவ்வளவு போஸ்டிங் முடித்திருக்கிறீர்கள், எந்த வாரங்கள், எத்தனை பேர், உங்கள் ஆசிரியரின் பரிந்துரை. ‘சேவை செய்யத் துடிக்கிறேன்’ என்று இரண்டு பத்தி எழுத வேண்டாம். நான்கு வாரத்துக்குக் குறைவாகக் கேட்காதீர்கள். உங்களுக்கு இடமும் ஆட்களும் காட்டிக்கொடுக்கவே அவர்களுக்கு ஒரு வாரம் செலவாகும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு எழுதுங்கள், அழைப்பு வராமல் நேரில் போய் நிற்காதீர்கள்.